சான்றிதழ் யார் பீரோவில் இருக்கிறது? தலித் செவிலியரின் முதல் வேலை

செவிலியர் படிப்பை முடித்து வெளியே வரும் இளம் பெண்களுக்கு அறிவுரை சொல்வோர் நிறைய. பெரிய மருத்துவமனையில் சேர்ந்தால் பெயர் கிடைக்கும், தீவிர சிகிச்சைப் பிரிவில் அனுபவம் இருந்தால் வெளிநாடு போகலாம், ஊருக்குப் பக்கத்தில் சேர்ந்தால் விடுதிச் செலவு மிச்சம், அரசுத் தேர்வு எழுதிக் காத்திரு என்று அவரவர் அனுபவத்தில் நின்று சொல்கிறார்கள். அத்தனையும் பயனுள்ள அறிவுரைகள்தாம். ஆனால், அந்தப் பெண்ணின் மதிப்பெண் பட்டியலும் பட்டச் சான்றிதழும் அவர் கையில் இருக்கின்றன என்று அவை எல்லாமே எடுத்துக்கொள்கின்றன. உதவித்தொகையை நம்பிச் சுயநிதிக் கல்லூரிகளில் படித்த பட்டியல் சாதிப் பெண்கள் பலருடைய சான்றிதழ்கள் கல்லூரி அலுவலகத்தின் இரும்பு பீரோவில் இருக்கின்றன. அவர்களுடைய முதல் வேலையை அந்த பீரோவின் சாவியை வைத்திருப்பவரே தீர்மானிக்கிறார் என்பது எங்கள் கருத்து.

இது எப்படி நேர்கிறது என்பதைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும். ஆண்டு வருமானம் 2.5 லட்சம் ரூபாய்க்கு மிகாத பட்டியல் சாதிக் குடும்பங்களின் பிள்ளைகளுக்குப் பத்தாம் வகுப்புக்குப் பிந்தைய படிப்புக்காக போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை வழங்கப்படுகிறது. தமிழ்நாட்டில் 2012 செப்டம்பரில் வெளியான அரசாணை எண் 92, சுயநிதிக் கல்லூரிகளில் பயிலும் பட்டியல் சாதி, பழங்குடி, கிறித்தவம் தழுவிய ஆதிதிராவிட மாணவர்களின் கட்டாயக் கட்டணங்களையும் அரசே ஏற்கும் என்றது. அந்த ஆணை இல்லாதிருந்தால் கூலி வேலை செய்யும் குடும்பங்களின் பெண்கள் பலர் நான்காண்டு பி.எஸ்சி. நர்சிங் படிப்பின் வாசலை மிதித்திருக்கவே முடியாது. 2020 டிசம்பரில் ஒன்றிய அமைச்சரவை இத்திட்டத்தின் நிதிப் பகிர்வை 60க்கு 40 என்று மாற்றியமைத்தது. அதன் பிறகு பணம் நேரடியாக மாணவரின் வங்கிக் கணக்குக்குப் போகிறது. அங்கிருந்து அவர் கல்லூரிக்குச் செலுத்த வேண்டும்.

ஏட்டில் இது குறையற்ற ஏற்பாடு. நடைமுறையில், கல்லூரி கட்டணம் கேட்கும் மாதமும் பணம் வந்து சேரும் மாதமும் ஒன்றாக இருப்பதில்லை. கட்டண நிர்ணயக் குழு விதித்த தொகைக்கும் கல்லூரி உண்மையில் வசூலிக்கும் தொகைக்கும் இடையே ஓர் இடைவெளி இருக்கிறது. பேருந்து, விடுதி, சீருடை, மருத்துவமனைப் பயிற்சி என்று அந்த இடைவெளிக்குப் பல பெயர்கள். கணக்கில் விழுந்த பணம் வீட்டிலிருந்த அவசரத்துக்குச் செலவாகிவிட்டது என்பதும் நடக்கிறது. அதை மறைக்க வேண்டியதில்லை. மாதக் கடைசியில் அரிசிக்கு வழியில்லாத வீட்டில் வங்கிக் கணக்கு மட்டும் தனியாக இருக்க முடியுமா? ஆக, அரசுக்கும் கல்லூரிக்கும் இடையே தீர வேண்டிய கணக்கு, இருபத்திரண்டு வயதுப் பெண்ணின் சொந்தக் கடனாக மாறுகிறது. ஈடாகச் சான்றிதழ் பிடிக்கப்படுகிறது.

கலைப் பட்டதாரி ஒருவரின் சான்றிதழைப் பிடித்து வைப்பதற்கும் செவிலியரின் சான்றிதழைப் பிடித்து வைப்பதற்கும் வேறுபாடு உண்டு. 1926ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் இயங்கும் தமிழ்நாடு செவிலியர் மற்றும் மகப்பேறு உதவியாளர் கவுன்சிலில் பெயரைப் பதியாமல் எவரும் பதிவு பெற்ற செவிலியராகப் பணியாற்ற இயலாது. பதிவுக்குச் சான்றிதழ் வேண்டும். மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் தேர்வுக்குப் பதிவு எண் வேண்டும். நல்ல தனியார் மருத்துவமனைகளும் பதிவு எண்ணைத்தான் முதலில் கேட்கின்றன. எனவே சான்றிதழைத் தர மறுப்பது தொழில் செய்யவே தடை விதிப்பதற்குச் சமம். அந்தத் தடையை விதிக்கும் அதிகாரத்தை எந்தச் சட்டமும் கல்லூரித் தாளாளருக்குத் தரவில்லை. கல்விச் சான்றிதழ் விற்பனைச் சரக்கு அன்று, கட்டண நிலுவைக்காக அதன்மீது பிடிப்புரிமை கோர முடியாது என்று சென்னை உயர் நீதிமன்றம் பலமுறை கூறியிருக்கிறது. ஒப்பந்தச் சட்டத்தின் 171ஆம் பிரிவு வங்கியர், வழக்கறிஞர் போன்ற சில வகையினருக்கு மட்டுமே பொதுவான பிடிப்புரிமையை வழங்குகிறது. கல்லூரிகள் அந்தப் பட்டியலில் இல்லை.

நிலுவை இருக்கும் பெண்ணை அழைத்துக் கல்லூரி நிர்வாகம் சொல்லும் வழி பெரும்பாலும் ஒன்றுதான். எங்கள் மருத்துவமனையிலேயே வேலை பார், மாதா மாதம் கழித்துக்கொள்கிறோம், முடிந்ததும் சான்றிதழை வாங்கிக்கொள் என்பார்கள். அது ஒரு கருணையாகவே சொல்லப்படும். பெற்றோரும் கைகூப்பி ஏற்றுக்கொள்வார்கள். பதிவு இல்லாததால் அவருக்குச் செவிலியர் என்ற பதவிப் பெயர் கிடைக்காது. ‘பயிற்சியாளர்’ என்றோ ‘உதவியாளர்’ என்றோ வருகைப் பதிவேட்டில் எழுதுவார்கள். வேலை மட்டும் முழுச் செவிலியரின் வேலை. கழிவு போகக் கைக்கு வருவது குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே நிற்கும்.

இதைச் சட்டத்தின் மொழியில் என்னவென்று அழைப்பது? ஏசியாட் விளையாட்டுத் திடல் தொழிலாளர்கள் தொடர்பான 1982ஆம் ஆண்டு வழக்கில் உச்ச நீதிமன்றம், குறைந்தபட்ச ஊதியத்துக்கும் குறைவாகக் கொடுத்து வாங்கப்படும் உழைப்பு அரசமைப்பின் 23ஆவது உறுப்பு தடை செய்யும் கட்டாய உழைப்பே என்றது. பசியும் வறுமையும் ஒருவரை வேறு வழியின்றி வேலைக்குத் தள்ளினால் அதுவும் கட்டாயம்தான் என்று விளக்கியது. 1976ஆம் ஆண்டின் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டமோ, முன்பணத்துக்கு ஈடாக ஒருவர் வேறு வேலைக்குப் போகும் சுதந்திரத்தை இழப்பதையும் கொத்தடிமை முறையின் கூறாக வைத்திருக்கிறது. கல்விக் கட்டண நிலுவை ‘முன்பணம்’ ஆகுமா என்பது வாதத்துக்குரியது. ஆகும் என்பதே எங்கள் வாதம். பொருள் கைமாறும் நேரம் அன்று, கடனைக் காட்டி உழைப்பைக் கட்டிப்போடும் உறவே இங்கு அளவுகோலாக வேண்டும். தஞ்சைப் பண்ணையாள்களுக்கு 1952இல் தனிப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. பண்ணையாளின் பேத்தி இன்று வெள்ளைச் சீருடை அணிந்திருக்கிறார். அவரைக் கட்டிப்போடும் கயிறு மதிப்பெண் பட்டியலாக உருமாறியிருக்கிறது.

சான்றிதழ் கைக்கு வந்தவர்களின் பாதையும் அவ்வளவு சுலபமானதன்று. தனியார் மருத்துவமனைகள் பல, பணியில் சேரும் நாளிலேயே முத்திரைத் தாளில் ஒன்றிரண்டு ஆண்டுகளுக்கான பாண்டு எழுதி வாங்குகின்றன. சில இடங்களில் அசல் சான்றிதழ்களும் தொகை நிரப்பப்படாத காசோலையும் சேர்த்துக் கேட்கப்படுகின்றன. இந்த பாண்டு முழுவதும் செல்லாது என்று சமூக ஊடகங்களில் சொல்லப்படுவது சரியன்று. 2025 மே மாதம் ஒரு பொதுத்துறை வங்கி தொடர்பான வழக்கில், குறைந்தபட்சப் பணிக்காலத்தை வற்புறுத்தும் நிபந்தனை தொழில் தடையாகாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் அந்தத் தீர்ப்பு நர்சிங் ஹோம்களின் எல்லா பாண்டுக்கும் கேடயம் ஆகிவிடாது. தேர்வு நடத்தி, விளம்பரம் செய்து, சட்டப்படி ஊதியம் வழங்கும் ஒரு பொதுத்துறை நிறுவனத்தின் நிலைமை அங்கே எடைபோடப்பட்டது. குறைந்தபட்சக் கூலியே தராத, பயிற்சிக்கென ஒரு ரூபாயும் செலவிடாத நிறுவனம் எந்த இழப்பைக் காட்டும்? ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆம் பிரிவின்படி, எழுதிய தொகை எவ்வளவாயினும் நியாயமான இழப்பீட்டுக்கு மேல் கோர முடியாது. பாண்டைவிட ஆபத்தானது காசோலை. அது பின்னர் காசோலை மோசடி வழக்கு என்ற மிரட்டலாகத் திரும்பி வரும். பாண்டில் கையெழுத்திட நேர்ந்தாலும் வெற்றுக் காசோலையையும் அசல் சான்றிதழையும் கொடுக்கவே கூடாது. சரிபார்ப்புக்குக் காட்டுவது வேறு, கொடுத்துவிட்டு வருவது வேறு.

ஊதியத்தைப் பொறுத்தவரை ஒரு பழைய கதையை நினைவுபடுத்த வேண்டும். தனியார் மருத்துவமனைச் செவிலியரின் நிலை குறித்து 2016 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவின்படி ஒன்றிய அரசு ஒரு குழு அமைத்தது. 200 படுக்கைகளுக்கு மேற்பட்ட மருத்துவமனையில் அரசுச் செவிலியருக்கு இணையான ஊதியம். 100 முதல் 200 வரை என்றால் அதைவிடப் பத்து விழுக்காட்டுக்கு மேல் குறையக் கூடாது. 50 முதல் 100 வரை என்றால் இருபத்தைந்து விழுக்காட்டுக்கு மேல் குறையக் கூடாது. 50க்கும் குறைவான படுக்கைகள் என்றாலும் மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்றது குழு. கேரளத்தில் செவிலியர்கள் வேலைநிறுத்தம் செய்து தெருவில் நின்ற பிறகு, 2018 ஏப்ரலில் அந்த 20,000 ரூபாய் சட்டபூர்வக் குறைந்தபட்ச ஊதியமாக அறிவிக்கப்பட்டது. தமிழ்நாட்டில் பரிந்துரை பரிந்துரையாகவே கிடக்கிறது. இங்கும் அங்கும் சட்டம் ஒன்றுதான். அங்கே சங்கம் இருந்தது என்பதே வேறுபாடு. முதல் வேலைக்குப் போகும் பெண் ஊதியத்தைப் போலவே அந்த மருத்துவமனையில் செவிலியர் சங்கம் இருக்கிறதா என்பதையும் விசாரிக்க வேண்டும் என்று நாங்கள் சொல்வது இதனால்தான். இரவுப் பணியில் ஒரு செவிலியருக்கு எத்தனை நோயாளிகள் என்பதையும் கேட்க வேண்டும். பொது மருத்துவமனைக்கு ஐந்து பேருக்கு ஒருவர், தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒருவருக்கு ஒருவர் என்பது இந்திய செவிலியர் கவுன்சில் வகுத்த அளவு. இதற்கு நேர்மையான பதில் கிடைக்கும் இடங்கள் குறைவு.

2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நியமனக் கடிதத்தைக் கட்டாயமாக்கியுள்ளன. பணியிலிருந்து விலகியவருக்கு இரண்டு வேலை நாள்களுக்குள் ஊதிய பாக்கியைக் கொடுக்கச் சொல்கின்றன. இவை பயன்படும். ஆனால் தொழிலுறவுத் தொகுப்பு, அறப்பணியில் முழுமையாகவோ பெருமளவிலோ ஈடுபட்ட அமைப்புகள் நடத்தும் நிறுவனங்களைத் ‘தொழில்’ என்ற வரையறையிலிருந்து விலக்குகிறது. அறக்கட்டளை என்ற பெயரில் நடக்கும் மருத்துவமனைகள் எத்தனை என்பதை அவற்றின் பெயர்ப்பலகைகளைப் பார்த்தாலே அறியலாம். 1978ஆம் ஆண்டின் பெங்களூர் குடிநீர் வாரிய வழக்கில் மருத்துவமனையும் தொழில்தான் என்று வென்றெடுத்த பாதுகாப்பு, இந்த விலக்கின் வழியே கசிந்துபோகும் ஆபத்து இருக்கிறது.

அரசு வேலையே நம் மக்களின் கனவு. இடஒதுக்கீடு அங்கேதான் செல்லும்; ஓய்வு வரையான பாதுகாப்பும் மரியாதையும் அங்கேதான். அந்தக் கனவைத்தான் அரசு தொகுப்பூதியம் என்ற சொல்லால் சிதைத்தது. மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் 2015இல் போட்டித் தேர்வு நடத்தி 7,000க்கும் மேற்பட்ட செவிலியரை எடுத்தது. மாத ஊதியம் 7,700 ரூபாய். நாளொன்றுக்கு ஏறத்தாழ 257 ரூபாய். ஈராண்டில் காலமுறை ஊதியம் கிடைக்கும் என்ற நம்பிக்கையில் சேர்ந்தவர்கள் 2017 நவம்பரில் சென்னையில் மருத்துவப் பணிகள் இயக்குநரக வளாகத்தில் அமர்ந்து போராட வேண்டியிருந்தது. பிறகு ஊதியம் 14,000 என்றும் 18,000 என்றும் உயர்ந்தது. அதே வார்டில், அதே வேலையைச் செய்யும் நிரந்தரச் செவிலியரின் ஊதியத்தோடு ஒப்பிட்டால் இது பாதியைக்கூட எட்டாது. சம வேலைக்குச் சம ஊதியம் தற்காலிக ஊழியருக்கும் உரியது என்று 2016 அக்டோபரில் ஜக்ஜித் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகவே சொல்லியிருந்தது.

கொரோனா காலத்தில் நியமிக்கப்பட்ட 2,000க்கும் மேற்பட்ட செவிலியரின் பணி 2022 டிசம்பர் 31உடன் முடித்துவைக்கப்பட்டது. அவர்களைத் தேர்ந்தெடுத்தபோது இனச்சுழற்சி முறை பின்பற்றப்படவில்லை என்பது அரசுத் தரப்பில் அப்போது சொல்லப்பட்ட காரணங்களுள் ஒன்று. இந்தக் காரணத்தைத் தலித் இயக்கங்கள் கூர்ந்து நோக்க வேண்டும். இனச்சுழற்சியைப் பின்பற்ற வேண்டியது யார் கடமை? அரசின் கடமை. அதை மீறியதும் அரசு. மீறலைச் சுட்டி வேலையைப் பறித்ததும் அரசு. பறிகொடுத்தவர்களில் பட்டியல் சாதிப் பெண்களும் உண்டு. இடஒதுக்கீட்டைக் காப்பாற்றுவதாகச் சொல்லி அவர்களையே வெளியேற்றியது விநோதமான நீதி. ஒன்றிய அரசின் பணிகளில் 45 நாள்களோ அதற்கு மேலோ நீடிக்கும் தற்காலிக நியமனத்துக்கும் இடஒதுக்கீடு உண்டு என்பது விதி. தமிழ்நாட்டின் 18 விழுக்காடும் அதில் அருந்ததியருக்கான 3 விழுக்காடும் ஒவ்வொரு தொகுப்பூதிய நியமனத்திலும், முகமை வழியிலான ஒவ்வொரு நியமனத்திலும் கணக்கிடப்பட வேண்டும் என்பதை நாம் கோரிக்கையாக முன்வைக்க வேண்டும். இத்தனை குறைகளுக்குப் பின்னும், முதல் வேலைக்கு இரண்டு அழைப்புகள் வந்தால் அரசு மருத்துவமனையைத் தேர்ந்தெடுங்கள் என்றே சொல்வோம். வழக்குத் தொடுக்க ஒரு பதிவேடாவது அங்கே இருக்கிறது.

பதிவேடே இல்லாத இடம் ஒன்று உண்டு. வேலை கிடைக்காத புதிய செவிலியர்கள் பலர் முகமைகள் மூலம் வீட்டுச் செவிலியராகப் போகிறார்கள். படுக்கையில் கிடக்கும் முதியவரின் மலத்தைத் துடைக்கும் கை தேவைப்படுகிறது; அந்தக் கை அடுக்களைக்குள் வருவதுதான் பிரச்சினை. ‘நீங்க என்ன ஆளுங்க?’ என்ற கேள்வி முதல் நாளிலேயே வந்துவிடும். தீட்டென்று ஒதுக்கிய பிரசவ வேலையை ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்களிடம் சுமத்தி, குழந்தை பிறந்ததும் அவர்களை வாசலுக்கு வெளியே நிறுத்திய சமூகத்தின் மிச்சம் இது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் இழிவுபடுத்தல் பிரிவுகள் பொதுமக்கள் பார்வையில் நிகழ்ந்திருக்க வேண்டும் என்கின்றன. நான்கு சுவருக்குள் வெளியார் எவருமின்றி நடந்தால் குற்றமாகாது என்று 2020இல் ஹிதேஷ் வர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. நோயாளிகளும் பார்வையாளர்களும் நிறைந்த மருத்துவமனை வார்டில் சாதிப் பெயர் சொல்லித் திட்டினால் வழக்கு நிற்கும். நோயாளியின் படுக்கையறையில் திட்டினால் நிற்பது கடினம். பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் மட்டும் வீட்டையும் பணியிடமாக ஏற்கிறது. மாவட்ட உள்ளூர்க் குழுவிடம் புகார் தரலாம். வேறு வழி சிறிதேனும் இருந்தால், முதல் வேலையாக இதை ஏற்க வேண்டாம்.

கிறித்தவத் தலித் பெண்களின் நிலை இன்னும் ஒரு படி சிக்கலானது. செவிலியர் தொழிலில் அவர்களின் பங்கு பெரிது. 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை அவர்களைப் பட்டியல் சாதியாக ஏற்பதில்லை. தமிழ்நாட்டில் அவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் போட்டியிடுகிறார்கள். அரசாணை 92 அவர்களைப் படிக்க வைக்கிறது. படித்து முடித்ததும் இடஒதுக்கீடு கைவிடுகிறது, வன்கொடுமைச் சட்டமும் கைவிடுகிறது. வேலைக்காக இந்து என்று சான்று கோரிய புதுச்சேரிப் பெண் ஒருவரின் மனுவை உச்ச நீதிமன்றம் 2024 நவம்பரில் தள்ளுபடி செய்தது. ‘என்ன ஆளுங்க’ என்று கேட்பவர் ஞானஸ்நானச் சான்றிதழைப் பார்த்துவிட்டுக் கேட்பதில்லை.

வெளிநாடு என்பது பலருக்கு சம்பளம் மட்டுமல்லாமல் சாதி கேட்கப்படாத ஓர் ஊரும்கூட. அந்த ஆசையை நாங்கள் குறைத்து மதிப்பிடவில்லை. குடியேற்ற அனுமதி தேவைப்படும் 18 நாடுகளுக்குச் செவிலியரை அரசு நிறுவனங்கள் வழியே மட்டும் அனுப்ப வேண்டும் என்று 2015இல் ஒன்றிய அரசு ஆணையிட்டது. தமிழ்நாட்டில் அது அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம். அந்த ஆணைக்குப் பின்னால் குவைத் ஊழல் இருந்தது. 19,500 ரூபாய் வாங்க வேண்டிய இடத்தில் ஒவ்வொருவரிடமும் ஏறத்தாழ 19.5 லட்சம் வசூலித்ததாக அதில் வழக்கு. பதிவு பெற்ற முகவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்தின் உச்சவரம்பு 30,000 ரூபாயும் வரியும்தான். தாட்கோ வழியாக ஜெர்மன் மொழி உள்ளிட்ட பயிற்சிகளும் இருக்கின்றன. ஆனால் வளைகுடா நாடுகள் பணி அனுபவத்தை முந்தைய மருத்துவமனையிடமே நேரில் சரிபார்க்கின்றன. முதல் மருத்துவமனை கோபத்தோடு பதில் எழுதினால் அல்லது எழுதாமலே இருந்தால் பயணம் நின்றுபோகும். ஆகவே வருகைப் பதிவு, ஊதியச் சீட்டு, வங்கி வரவு ஆகியவற்றின் நகலைச் சேர்ந்த முதல் மாதத்திலிருந்தே சேகரிக்க வேண்டும்.

அரசு செய்யக்கூடியவை கடினமானவையல்ல. பட்டம் வழங்குவது டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம், பதிவு செய்வது கவுன்சில். இரண்டும் சென்னையில் இருக்கின்றன. தேர்ச்சி விவரத்தைப் பல்கலைக்கழகம் நேரடியாகக் கவுன்சிலுக்கு அனுப்பி, கல்லூரியிடமிருக்கும் தாளுக்காகக் காத்திராமல் பதிவு எண் வழங்கினால், பீரோவின் சாவிக்கு வேலையிருக்காது. 1997ஆம் ஆண்டின் மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டத்தின்கீழ் மருத்துவமனைக்குப் பதிவு வழங்கும்போது, செவிலியரின் நியமனக் கடிதத்தையும் ஊதியச் சான்றையும் நிபந்தனையாக்கலாம். எந்தக் கல்லூரிக்கு எவ்வளவு உதவித்தொகை நிலுவை என்ற பட்டியலை ஆதிதிராவிடர் நலத்துறை மாதந்தோறும் வெளியிடலாம்.

அதுவரை, சான்றிதழ் மறுக்கப்பட்டவர் முதலில் செய்ய வேண்டியது எழுத்தில் கேட்பது. கல்லூரி முதல்வருக்கு ஒரு கோரிக்கைக் கடிதம், பல்கலைக்கழகப் பதிவாளருக்கும் மாவட்ட ஆதிதிராவிடர் நல அலுவலருக்கும் அதன் நகல்கள்; மூன்றையும் விரைவுத் தபாலில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்த வேண்டும். வாய்மொழியாகக் கேட்டு அலைந்த மாதங்களை நீதிமன்றத்தில் மெய்ப்பிக்க முடியாது. பதினைந்து நாளில் பதில் வராவிட்டால் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின் 12ஆம் பிரிவின்படி பட்டியல் சாதியினருக்கும் பெண்களுக்கும் வருமான வரம்பின்றி இலவச வழக்கறிஞர் உண்டு. உயர் நீதிமன்றத்தில் நீதிப்பேராணை மனு தாக்கல் செய்ய, கடித நகல், தபால் ரசீது, சாதிச் சான்று, உதவித்தொகை விண்ணப்ப எண், கல்லூரி அடையாள அட்டை ஆகிய ஐந்தும் போதும்.